தொட்டியே இல்லாத கல்யாணம்

"கல்யாணம் அவங்களுக்கு, குப்பை எனக்கா?" தினமும் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே என் கொழுந்தன் இதைச் சொல்லிவிடுவார். குப்பை லாரி ஓட்டுகிறார். கல்யாண மண்டபங்கள் இருக்கும் தெருக்கள்தான் அவருக்கு. பாதி தின்ற சாப்பாடு, பிளாஸ்டிக் தட்டு, ஒரே நாள் வாழ்ந்த தெர்மாக்கோல் அன்னம் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு வந்து எங்கள் காதில் கொட்டுவார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பள்ளிக்கூடத்தில் அவளை 'குப்பை லாரி' என்றே கூப்பிட்டு அழவைத்திருக்கிறார்கள். அதனால் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் குப்பைங்கிற பேச்சே வரக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி நான் தலைகுனிஞ்சு நிக்க மாட்டேன்."

"குப்பை இருந்தாத்தானேம்மா பேச்சு வரும்?" என்றார்.

பத்திரிகை அடிக்கவில்லை, எல்லோரையும் போனிலேயே அழைத்தார். வாடகைக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்தார். மேடை அலங்காரத்துக்கு அக்கம்பக்கத்து வீட்டுச் செடிகள். நான் பிள்ளை மாதிரி வளர்த்த குரோட்டன்ஸ்கூட மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோவில் விழுந்தது. என்னைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துக் குப்பைத்தொட்டி அத்தனையையும் பின்பக்க அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஏன் தம்பி இந்த வேலை?"

"தொட்டியப் பாத்தாத்தான் அண்ணி ஜனங்களுக்குக் கை அரிக்குது. இல்லேன்னா பையிலயே வச்சுக்குவாங்க."

இத்தனை வருஷம் குப்பையோடு பழகியவருக்கு மனுஷரோடு பழக்கம் போதவில்லை.

சாப்பாடு முடிவதற்குள் மண்டபம் முழுக்க ஒரே கேள்வி: "குப்பைத்தொட்டி எங்கேங்க?" மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கிலேயே கேட்டுவிட்டார். ஒருவர் ஆரஞ்சுத் தோலை என் குரோட்டன்ஸ் மண்ணில் புதைத்துவிட்டு, "உரம்தானேம்மா" என்று எனக்கே பாடம் எடுத்தார். சம்பந்தியம்மா பரிசு சுற்றி வந்த காகிதங்களைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மேடையில் நின்றார்.

கல்யாணப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. கொழுந்தன் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். நான்தான் இழுத்து வந்தேன். "பண்ணினது நீங்க. போய் பதில் சொல்லுங்க."

மகள் முன்னால் போய் நின்றார். "பேச்சே வராதுன்னேன். இப்ப ஊரே அதத்தான் பேசுது. மன்னிச்சிடும்மா."

"நான் வேணா இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா பாவமாக. அவ்வளவுதான், பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக்கை வாங்கினாள்.

"எங்கப்பா குப்பை லாரி ஓட்டுறார். என் கல்யாணத்துல குப்பையே சேரக் கூடாதுன்னு தொட்டிய எல்லாம் பூட்டி வச்சுட்டார். அப்பா, ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வாங்க. அத்தைக்குக் கை வலிக்குது."

மண்டபமே சிரித்தது. அவளும் குனியாமல் நின்று சிரித்தாள். அன்றைய குப்பை மொத்தமும் அந்த ஒரு தொட்டிக்குள் அடங்கியது. கொழுந்தன் மாப்பிள்ளையோடு எடுத்ததைவிட அதோடு எடுத்துக்கொண்ட போட்டோக்கள்தான் அதிகம்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வருகிறதென்றால் ஒரு நடை போய் அவரைப் பாருங்கள். காலை வேலை முடிந்ததும் மண்டபத் தெரு முனையில் லாரியைக் கழுவிக்கொண்டிருப்பார். லீவு நாளானால் மகளும் புருஷனோடு வந்து அங்கேயே நின்று டீ குடிப்பாள். தட்டு எங்கே வாடகைக்குக் கிடைக்கும், மீந்த சாப்பாட்டை யாருக்குக் கொடுக்கலாம், எல்லாம் சொல்வார். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். சுருக்கமாகப் பேசத் தெரியாத மனுஷர்.