காற்றுப் படாத கறுப்புச் சேறு

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில், ஆற்றுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கண்ணைத் திறந்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. கலங்கிய தண்ணீரில் முகத்துக்கு நேரே நீட்டிய கைகூடத் தெரியாது. காலாலும் கையாலும் மூக்காலும் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சங்கு குளிக்கப் போனேன். பிறகு அடுத்தவர்கள் தொலைத்த நங்கூரத்தையும் வலையையும் முங்கி எடுத்துக் கொடுத்தேன். இன்று எனக்கு இரண்டு வள்ளம் இருக்கிறது, மாடி வைத்த வீடு இருக்கிறது. இதில் ஒரு செங்கல்கூட என் அப்பா வைத்துவிட்டுப் போனதல்ல. பெருமை அடிக்கிறான் என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அடிக்க என்னிடம் இருக்கிறது, அடிக்கிறேன்.

கடலடி வேறு, ஆற்றடி வேறு. முத்தும் சங்கும் கிடக்கிற கடலடியில் பாறை இருக்கும், மணல் இருக்கும். காலை ஊன்றினால் தரை தாங்கும். ஆற்று முகத்தில் அப்படி இல்லை. ஏற்றத்தில் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. வற்றத்தில் ஆறு வண்டலைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. இரண்டும் தினந்தோறும் மல்லுக்கட்டுகின்றன, இதுவரை இரண்டும் ஜெயித்ததில்லை. இழுப்பு வேகமாக இருக்கும் நடு ஆற்றில் மணல் கிடக்கும். நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள், அதே போல வரிவரியாக இருக்கும். தண்ணீர் சோம்பிக் கிடக்கிற அலையாத்தி மரங்களின் ஓரத்துக்குப் போனால் கதையே வேறு.

அங்கே மேலாகக் காய்ச்சிய பாலின் ஆடைபோல ஒரு பழுப்புத் தோல் இருக்கும். அதைக் கிழித்தால் கறுப்புத் தொளி. தண்ணீர் எங்கே முடிந்தது, சேறு எங்கே தொடங்கியது என்று கைக்கே தெரியாது. அள்ளிப் பிழிந்தால் விரல் இடுக்கு வழியாக எல்லாம் ஓடிவிடும், உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சாது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கை எரிக்கும். உதிர்ந்த இலையும் செத்த நண்டும் காற்றில்லாமல் மக்கினால் வேறு எப்படி மணக்கும்? அதற்கும் கீழே, ஒரு கை ஆழத்தில், சாம்பல் நிறக் களி. பிழிந்தால் ஓடாது, விரல் பதிந்த தடம் அப்படியே நிற்கும். கனமான எது விழுந்தாலும் தொளியைக் கடந்து போய் அந்தக் களிமேல்தான் உட்காரும்.

போன மழைக்காலம் முடிந்து ஆறு தெளியத் தொடங்கிய ஒரு காலையில், என் மருமகனுடைய எஞ்சின் அப்படிப் போய் உட்கார்ந்தது.

மருமகன் தருவைகுளத்துக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரிலேயே தொழில் செய்கிறார். நல்ல கடலாளி, அதை அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்கிறேன். அவருடைய வள்ளத்தின் பின்புறம் மாட்டுகிற எஞ்சினை வாங்கும்போது நான் பணம் கொடுத்து உதவ முன்வந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னைப்போலவே திமிர் பிடித்தவர், அதனால் எனக்குப் பிடிக்கும். அந்த எஞ்சின்தான் அந்த வீட்டின் அடுப்பு. அது நின்றால் என் மகள் வீட்டில் சோறு நின்றுபோகும்.

அன்று வற்றத்தில் திரும்பி வந்திருக்கிறார். ஆற்று வாயில் மணல் திட்டு எஞ்சினின் அடிக்காலைத் தட்டிவிட்டது. ஒரு பக்கத்துப் பூட்டு தெறித்து, எஞ்சின் மறுபக்கப் பூட்டில் தொங்கியிருக்கிறது. துடுப்பு போட்டு அலையாத்தி ஓரமாக ஒதுங்கும்போது அதுவும் நழுவி, எஞ்சின் தண்ணீருக்குள் போய்விட்டது. எஞ்சினை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டுகிற காவல் கயிற்றை முந்தின நாள் கழுவும்போது அவிழ்த்தவர்கள் திரும்பக் கட்டவில்லை.

அவரும் கூட்டாளியும் உடனே முங்கியிருக்கிறார்கள். சங்கு குளிக்கிற கடலில் செய்வதுபோலவே காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, கால் முந்தப் போயிருக்கிறார்கள். எங்கள் கடற்கரைக்காரன் எவனும் அப்படித்தான் செய்வான். தரை தாங்கும் என்று காலுக்குப் பழக்கம். தொளி தாங்கவில்லை. தொடைவரை வாங்கிக்கொண்டது. கூட்டாளியைப் பக்கத்து வள்ளக்காரர்கள் கயிறு போட்டு இழுத்துத்தான் மீட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் வெளிறிப்போய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். நான் போய் நின்றேன்.

"அங்கன எஞ்சினும் இல்ல மாமா, தரையும் இல்ல" என்றார் மருமகன்.

"ரெண்டும் இருக்கு மாப்ள. நீங்க கதவத் தட்டாம உள்ள போயிட்டீங்க."

கரையில் என் மச்சானும் நின்றான். மனைவியின் அண்ணன், என் வயதுக்காரன், வாயும் என் அளவுக்கு உண்டு.

"பென்சன் வாங்குத வயசுல முங்கப் போறீராக்கும்? நேத்து இடுப்பு வலின்னு தைலம் தேச்ச ஆளு!"

"இடுப்பு வேற, மூச்சு வேறவே. உமக்கு ரெண்டும் இல்ல, அதான் கரையில நிக்கீரு."

வள்ளத்தில் ஏறி, நீள மூங்கில் கம்பால் அடியைக் குத்திக்கொண்டே போனேன். மணல் என்றால் கம்பு கறகறவென்று பேசும். தொளியில் பேச்சே இருக்காது. களியைத் தொட்டால் கம்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடையாளத்துக்கு அவர்கள் மிதக்க விட்டிருந்த கேன் நகர்ந்திருந்தது, அதை நான் நம்பவில்லை. கம்பைக் களியில் ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி, பாயில் குப்புறப் படுப்பதுபோல அந்தச் சேற்றின்மேல் படுத்தேன். படுத்தால் தாங்கும், நின்றால்தான் விழுங்கும். உள்ளங்கையால் மேல்தோலைத் தடவினேன். அதில் புழுக்கள் கட்டிய சின்னச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், சவரம் செய்யாத தாடைபோலச் சொரசொரக்கும். தோல் கிழிந்த இடத்தில் அந்தச் சொரசொரப்பு இருக்காது. மூச்சு வாங்க மேலே வருவதும் மறுபடி படுத்துத் தடவுவதுமாக இருந்தேன். ஓரிடத்தில் கை வழவழவென்று போயிற்று. தோள்வரை கையை விட்டேன், கன்னம் சேற்றில் பதிந்தது. விரல் நுனியில் இரும்பு. அதற்குக் கீழே எஞ்சின் காற்றாடியின் இலை.

எஞ்சினில் கயிற்றைக் கட்டி, மறுநுனியோடு மேலே வந்தேன். நான் கிளறிய இடத்திலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பிய நாற்றம் கரைவரை போயிருக்கிறது. மச்சான் லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கயிற்றைப் பிடித்தார்கள்.

"விடுங்கவே கயித்த!" என்று கத்தினேன். "மெக்கானிக் வரணும். நல்ல தண்ணி டிரம் வரணும். அதுக்கு முந்தி எவனும் இழுக்கக் கூடாது."

"கண்டெடுத்த பொறவு எதுக்கு உள்ள கெடக்கணும்?" என்றான் மச்சான். "முட்டையா அது, அடை காக்கீரு?"

"மாமா, உப்புத் தண்ணியில கெடந்தா எஞ்சின் செத்துப்போவும்" என்றார் மருமகன்.

"உள்ள கெடக்க வரைக்கும் சாவாது மாப்ள. வெளிய எடுத்து வெயில்ல வச்சிக்கிட்டு வேடிக்க பாத்தாத்தான் சாவும்."

இது நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. மணலில் கிடந்த நங்கூரத்தை எடுத்தால் கடல் அதை ஏற்கெனவே தின்றிருக்கும். இந்தத் தொளிக்குள் நெடுநாள் கிடந்த சங்கிலியை ஒருமுறை எடுத்தேன், கடையில் வாங்கியதுபோலக் கறுப்பாக, வழவழப்பாக வந்தது. கரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் போய்ப் பார்த்தால் செக்கச்செவேலென்று பொருக்குத் தட்டிக் கிடந்தது. கறுப்புச் சேற்றுக்குள் காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் துருவுக்கு வேலை இல்லை. எஞ்சின் உப்பைக் குடித்தது குடித்ததுதான், அதை நல்ல தண்ணீர்தான் கழுவ வேண்டும். கழுவ ஆள் வரும்வரை சேறு அதைப் பார்த்துக்கொள்ளும். தூத்துக்குடி மெக்கானிக்குக்குப் போன் போட்டாயிற்று, பைக்கில் வந்துகொண்டிருந்தார்.

கயிற்றின் நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓரத்தில் கெட்டிக் களி இருந்த இடமாகப் பார்த்துத் தண்ணீருக்குள்ளேயே நின்றேன். இழுக்கிறவன் என்னையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

வற்றம் முடிந்து ஏற்றம் திரும்பியது. "மண்ண அள்ளிப் போட்டு மூடப் போவுது, பாத்துக்கிட்டே நில்லும்" என்றான் மச்சான்.

"மணலு நடு ஆத்துல போவும். மரத்தோரத்துல ஒரு ஏத்தத்துக்குப் பாலாட அளவுக்குத்தான் படியும். உம்ம மூஞ்சியில படிஞ்சிருக்க பவுடரு இதவிடக் கனம்."

சிரிப்பு எழுந்தது. மகள் சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை வந்தாள்.

"அப்பா, ஒங்க வீம்புக்கு எங்க பொழப்பத் தண்ணிக்குள்ள போட்டுறாதிய."

ஊரே சொன்னாலும் என் காதில் ஏறாது. இது ஏறியது. ஆனாலும் நான் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"வீம்புதாம்ளா. இந்த வீம்பு போட்ட சோத்துலதான் நீ வளந்த. இங்கன நின்னு அழுவாத. டிரம்ம ரொப்பு, போ."

ஒரு நிமிடம் என்னை முறைத்தாள். பிறகு திரும்பி நடந்தாள். என்னை நம்பியா, என்மேல் கோபத்திலா, எனக்குத் தெரியாது. மேல்பாதி அறுத்த நீல டிரம் ஒன்று கரைக்கு வந்தது. அவளும் நாலைந்து பெண்களும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மருமகன் மட்டும் கயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இழுக்கவும் இல்லை.

பயமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். தண்ணீர் மார்புக்கு ஏறியிருந்தது. பதில் சொல்ல வாய் வெளியே இருந்தால் எனக்குப் போதும்.

மெக்கானிக் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "எங்க கெடக்கு?" என்றார். கயிற்றைக் காட்டினார்கள். "சரி, தூக்குனதும் நேரா டிரம்முல எறக்குங்க, தரையில வைக்காதிய" என்றார். நான் மச்சானைப் பார்த்தேன். அவன் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன், ஆட்கள் வள்ளத்தில் ஏறி நேராக இழுத்தார்கள். கயிறு விறைத்ததே தவிர எஞ்சின் அசையவில்லை. களி அப்படித்தான், முத்தம் கொடுத்தால் விடாது. "நேரா இழுக்காதீங்கவே! இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுங்க, இடையில தண்ணி போவட்டும்" என்றேன். ஆட்டினார்கள். சளப்பென்று ஒரு சத்தம். பிறந்த ஈரத்தோடு வருகிற கன்றுக்குட்டிபோல, கறுப்பு வழிய எஞ்சின் மேலே வந்தது. நான் கழுத்துவரை தொளி அப்ப அதை அணைத்து வள்ளத்தில் ஏற்றிவிட்டேன். கரையில் இறக்கி, தரையில் படாமல் டிரம்முக்குள் விட்டார்கள்.

மெக்கானிக் மூடியைக் கழற்றிக் கழுவினார், பிளக்கைக் கழற்றினார். கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கழுவிக் கழுவி, எண்ணெய் விட்டு, துடைத்துப் பூட்டி, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். ஒன்றுமில்லை. மகள் என்னைப் பார்க்காமல் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஏதோ ஒரு திருகைத் திருகிவிட்டு, மருமகனைச் சுண்டச் சொன்னார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டினார். எஞ்சின் ஒரு இருமல் இருமியது. வெள்ளைப் புகையைக் கக்கியது. பிறகு டிரம் அதிர, நிற்காமல் ஓடியது.

மருமகன் எஞ்சினை வள்ளத்தில் மாட்டிப் பூட்டிவிட்டு, காவல் கயிற்றைக் கட்டினார். அது போதாதென்று இன்னொரு கயிற்றை எடுத்து அதன்மேல் கட்டினார். இரண்டாவது முடிச்சை இறுக்கும்போதுதான் தலையைத் தூக்கினார்.

"மாமா, வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. எனக்கு அது போதும்.

"இந்தக் கோலத்துல காப்பியா?" என்றாள் மகள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "நில்லுங்கப்பா, ரெண்டு கொடம் ஊத்துதேன். இந்த நாத்தத்தோட தெருவுல போவாதிய."

"போவேன். நடுத்தெருவுல போவேன்" என்றேன். போனேன். கோயில் வாசல் வழியாக, கடைத்தெரு வழியாக, கழுத்துவரை அப்பிய சேற்றோடு நிமிர்ந்து நடந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக நடந்தேன். மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கரையில் கறுப்பாக இருந்த சேறு, வெயிலும் காற்றும் பட்டு, மகள் வீட்டு வாசலுக்கு வரும்போது பழுப்பேறி வெடித்திருந்தது. கையை நீட்டி மச்சானிடம் காட்டினேன்.

"பாரும்வே. காத்து பட்டதும் என்ன நெறம்?"

அவன் லேஞ்சியை எடுக்காமலே சொன்னான்: "ஆமாவே. எஞ்சின் தப்பிச்சிட்டு, நீருதான் துருப்பிடிச்சிட்டீரு."

"துருப்பிடிக்கணும்னா மொதல்ல இரும்பா இருக்கணும்வே" என்று சொல்லிவிட்டு, கால்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் போனேன்.