செருப்பைக் கழற்றி நடந்த கோதுமை வயல்

ஒரு கார் மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடிகள். எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டது. அத்தான் முகம் சுளிக்காமல் காரைப் பின்னாலேயே கொண்டுபோய், வேலி கொஞ்சம் உள்வாங்கியிருந்த இடத்தில் ஒதுக்கினார். டிராக்டர்காரர் கடந்து போகும்போது ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். அத்தானும் ஒரு விரலை உயர்த்தினார். "பாத்தியா கொழுந்தியா, இந்த ஊர்ல வழி விட்டா மரியாதை. நம்ம களியக்காவிளை ரோட்டுல இப்பிடிப் பின்னால எடுத்தேன்னு வையி, பொறத்த நிக்க பஸ்காரன் எங்கப்பனையும் சேத்துல்லா ஏசுவான்" என்றார். இங்கிலாந்து என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அந்தப் பாதைதான் நினைவுக்கு வரும்.

அக்கா அங்கே நர்ஸ். அத்தானுக்கு அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. அக்காவுக்கு ஓர் ஆபரேஷன் வந்தபோது துணைக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைக்கிறேன். துணி கொண்டு வருகிறவர்களிடம்கூட அளவு கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். அத்தானுக்கு அது போதாதா? "எங்க கொழுந்தியா வாயைத் தொறக்கணும்னா முன்னாடியே மனு குடுக்கணும்" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார். நான் குனிந்துகொள்வேன். ஆனால் அவர் கேலி செய்யாத நாளில் எனக்கு ஏதோ குறைந்தது போலிருக்கும்.

அக்கா எழுந்து நடமாடத் தொடங்கியதும், நல்ல காற்றுப் படட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவோம். அக்கா முன்னால், நான் பின்னால், என் மடியில் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். எங்கே பார்த்தாலும் பச்சை. ஆனால் நம் பச்சை இல்லை, வெயில் படாமல் வளர்ந்த பிள்ளையைப் போன்ற பச்சை. சுண்ணாம்போ சிமெண்டோ வைக்காமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் குன்றின்மேல் ஏறிப் போகும். செம்மறி ஆடுகளின் முதுகில் அடையாளத்துக்குப் பூசிய நீலச் சாயம். அத்தானுக்கு எதைப் பார்த்தாலும் நம் ஊர்தான். குன்றைக் கண்டால் வேளிமலை, காற்றடித்தால் தோவாளைக் காற்று. "பின்ன எதுக்கு இவ்வளவு காசுக்கு டிக்கெட் போட்டு இவளைக் கொண்டு வந்தீங்க? தோவாளையிலயே கொண்டு நிறுத்தியிருக்கலாம்லா" என்பாள் அக்கா.

ஒருநாள் ஒரு கோதுமை வயலைக் கண்டோம். அந்த நாட்டில் இன்னொருவருடைய வயலுக்குள்ளேயே ஊரார் நடக்கப் பாதை உண்டு. யாரும் தடுக்க மாட்டார்கள். மரக்கதவைத் திறந்து உள்ளே போனால் மறுபடி சாத்திவிட வேண்டும், அவ்வளவுதான். அத்தான் கதவைத் திறந்தார். கதிர்கள் பால் பிடித்து நின்றன. அவர் உள்ளே போகவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினார், காலுறையையும் உருவினார்.

"என்ன செய்யுகீங்க?" என்றாள் அக்கா.

"வயலுக்குள்ள செருப்புக் காலோடயா போறது?"

"இது உங்க அப்பா வயலா? வயல்காரன் பாத்தா கிறுக்கன்னு நினைப்பான்."

"ஆரு வயலானா என்னட்டி. நிக்கது அன்னம்லா?"

அவர் நெல் விளையும் வீட்டுப் பிள்ளை. கதிர் நிற்கும் வயலில் செருப்போடு இறங்கினால் அவர் அப்பா வரப்பிலிருந்தே மண்ணாங்கட்டியை எடுத்து எறிவாராம். நானும் செருப்பைக் கழற்றினேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் கழற்றினாள். மூன்று பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். நம் சேறு காலை வாங்கிக்கொள்ளும். அந்த மண் கட்டாந்தரை, கல் குத்தியது. பாதி வழியில் அத்தான் "அய்யோ" என்று குதித்தார். தொட்டால் அரிக்கும் நம் காஞ்சொறி போல ஒரு செடி அவர் காலில் பட்டுவிட்டது.

சத்தம் கேட்டு ஒரு வயதான விவசாயி நாயோடு வந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். ஷூ கடித்துவிட்டது என்று நினைத்து, வீடு வரை வண்டியில் கொண்டு விடட்டுமா என்று கேட்டாராம். அத்தான் காரணத்தைச் சொன்னார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, கொஞ்ச நேரம் தன் பெரிய பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலியோரம் அகலமான இலை ஒன்றைப் பறித்துக் கசக்கி, கடுத்த இடத்தில் தேய்க்கச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அக்கா சிரித்தாள். தையல் பிரிந்துவிடும், சிரிக்காதே என்று அத்தான் கெஞ்சக் கெஞ்சச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருவரும் ஊரோடு வந்து வீடு கட்டினார்கள். பால் காய்ச்சின வருஷமே அத்தானுக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்தது. இப்போது கட்டிலில் கிடக்கிறார். மூக்கு வழியாகக் கஞ்சித் தண்ணீர். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் கட்டிலோடு தள்ளியவர்.

அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "நான் பேசினா அவருக்குக் கேக்காது, கேட்டுக் கேட்டுச் சலிச்ச குரல். நீ பேசுட்டி. நீ வாயைத் தொறந்தா அவருக்குக் கேலி செய்யாம இருக்க முடியாது." எனக்கு எதைப் பேசுவதென்று தெரியவில்லை. கோதுமை வயலைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிய இடத்துக்கு வந்தபோது அவருடைய வலது கால் பெருவிரல் அசைந்தது. அக்கா கத்தியேவிட்டாள். இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட மகனுக்கு உடனே ஃபோன் போட்டாள்.

அன்று முதல் தினமும் மத்தியானம் தையலை வைத்துவிட்டுப் போகிறேன். பாதை, டிராக்டர், கல்சுவர், நீல ஆடு, வயல். வாழ்க்கையில் நான் இத்தனை வார்த்தை பேசியதில்லை. சொல்லச் சொல்ல அந்த ஊர் எனக்குள் தேய்ந்துகொண்டு வருகிறது. முன்பெல்லாம் கண்ணை மூடினால் அந்தக் கசக்கிய இலையின் பச்சை வாசம் வரும். இப்போது நான் சொல்கிற வார்த்தைகள்தான் வருகின்றன. நாய் கறுப்பா, வெள்ளையா என்பதுகூட நிச்சயமில்லை. ஒருநாள் கறுப்பு என்றும் ஒருநாள் வெள்ளை என்றும் சொல்லியிருப்பேன். திருத்துவதற்கு அவர் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் அக்கா அடுக்களையில் இருந்தாள். நான் களைத்துப்போய் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த விரல் அசைந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் அசைந்தது. வெளியே தேங்காய் வண்டி போனபோது அசையவில்லை, பிறகு எந்தச் சத்தமும் இல்லாதபோது அசைந்தது. அதற்குப் பேச்சும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று புரிந்தது.

அக்கா கஞ்சித் தண்ணீரோடு வந்தாள். "சொன்னியா? அசைஞ்சுதா?"

"அசைஞ்சுதுக்கா" என்றேன். பேசியதால்தான் அசைந்தது என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் குழாயை எடுத்துச் சரிபார்த்து, மெதுவாக ஊற்றத் தொடங்கினாள். நர்ஸின் கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. "அது தானா அசையியது மக்கா. அன்னைக்கு மகனுக்குப் போட்ட ஃபோனை வச்சப்பவே எனக்குத் தெரியும். வார்டுல இப்பிடி எத்தனை காலு பாத்திருக்கேன். வீட்டுக்காரங்கள ஓரமா கூட்டிட்டுப் போயி, எதிர்பார்க்காதீங்கன்னு நான்தான் சொல்லுவேன்."

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "நாளைக்கு வருவல்லா? நீ சொல்லியது அடுக்களை வரை கேக்கும்."

நான் தலையாட்டினேன்.