கோட்டுக்கு வெளியே ஒரு தெரு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவள் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். நகராட்சி என்று எதுவும் இல்லாமல் டவுனுக்கு வெளியே தானாக முளைத்த குடியிருப்புகளுக்கு எல்லை போடுவது அவள் வேலை. அந்த எல்லையால் யாருக்கும் வரியும் கிடையாது, தலைவரும் கிடையாது. இந்தப் பெயருள்ள இடத்தில் இத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வதற்கு மட்டும்தான். வீடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அங்கிருப்பவர்களே சொல்லும் பெயர் ஒன்று இருக்க வேண்டும். நடுவில் அரை கிலோமீட்டர் வெற்று நிலம் வந்தால் கோடு அங்கேயே நின்றுவிடும்.

அவளுடைய அண்ணன் அப்படியொரு குடியிருப்பின் கடைசித் தெருவில் இருந்தார். பஸ் டெப்போவில் மெக்கானிக். குப்பை வண்டிக்குப் போன் செய்வது, சாலைப் பள்ளத்தில் ஜல்லி கொட்டுவது எல்லாம் அவர்தான். தெருவே அவரை ‘மேயர்’ என்று கூப்பிட்டது.

“சம்பளம் இல்லாத மேயர். அதான் யாரும் எதிர்த்து நிக்கல” என்பார்.

அந்தக் குடியிருப்பின் வரைபடம் அவள் மேஜைக்கு வந்த வருடம், அண்ணன் தெருவுக்கும் மற்ற வீடுகளுக்கும் நடுவே ஒரு பாழடைந்த கிடங்கும் முள்காடும் கிடந்தன. அளந்து பார்த்தாள். அரை கிலோமீட்டருக்கு இருபது மீட்டர் அதிகம். மேலதிகாரியிடம் கேட்டிருந்தால் ஒருவேளை சரியென்றிருப்பார். சொந்த அண்ணனுக்காகக் கேட்கிறாள் என்று நாலு பேர் வாயில் விழ அவளுக்கு மனசில்லை. கோட்டைக் கிடங்கோடு நிறுத்தினாள்.

கணக்கெடுப்புப் பட்டியல் வெளிவந்ததும் அண்ணன் போன் செய்தார்.

“எங்கள எண்ணலையா, பாப்பா?”

“எண்ணியாச்சுண்ணா. ‘மீதிப் பகுதி’ங்கிற கணக்குல இருக்கீங்க.”

“மீதியா? கோடு போட்டது யாரு?”

“நான்தான்.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுப் பக்கம் வருவது நின்றுபோனது. இவள் போனால் முகம் கொடுத்துப் பேசுவார். ‘பாப்பா’ என்று மட்டும் கூப்பிடமாட்டார்.

மூன்றாம் வருடம் டெப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

இறப்பைப் பதிய அண்ணியோடு அவள்தான் போனாள். குமாஸ்தா கம்ப்யூட்டரில் தேடினார்.

“நீங்க சொன்ன ஊர்ப் பேரு இருக்கு. ஆனா உங்க தெரு அதுல வரலையே. பக்கத்து டவுன் பேரையே போட்டுறட்டுமா?”

அண்ணி இவளைப் பார்த்தாள்.

“போடுங்க” என்றாள் இவள்.

அடுத்த கணக்கெடுப்புக்குள் கிடங்கை இடித்து அந்த இடம் முழுக்க வீடு கட்டிவிட்டார்கள். இம்முறை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கோட்டை நீட்டி அண்ணன் தெருவை உள்ளே சேர்த்தாள். படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்கப் போனாள்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீடு இருக்கும் இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள்.

“இத மாத்திப் போட எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பத்து நிமிஷம், அண்ணி.”

அண்ணி தலையாட்டினாள். படத்தை மடித்து இவள் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.