மஞ்சள் பட்ட கதிரை

ஜேர்மனியில் எங்கள் முதல் மேசை தெருவோரத்தில் கிடைத்தது. முதல் கட்டில், முதல் அலுமாரி, மகளின் தொட்டில் எல்லாமே அப்படித்தான். இங்கே குறித்த நாட்களில் ஆட்கள் வேண்டாத தளபாடங்களை வாசலுக்கு வெளியே தூக்கி வைப்பார்கள். நகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஸ்பெர்மூல் என்று அதற்குப் பெயர். லொறி வருவதற்கு முன் நாங்கள் போய்விடுவோம். டார்ம்ஸ்டாட்டுக்கு அகதியாக வந்து இரண்டு அறை வீடு கிடைத்த அந்தக் காலத்தில், எந்தத் தெருவில் எந்த நாள் ஸ்பெர்மூல் என்பது எங்கள் ஆட்களுக்குக் கோயில் திருவிழாவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்போதே நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். கையில் நாலு காசு சேர்ந்ததும் பழைய சாமான் ஒன்றும் என் வீட்டுப் படி ஏறக்கூடாது. காசும் மெல்ல மெல்லச் சேர்ந்தது. புதுச் சோபா, புது அலுமாரி, பொலித்தீன் உறை கழற்றாத மெத்தை என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டேன். ஆனால் என் மனுசனுக்கு அதற்குப் பிறகுதான் விசர் பிடித்தது. தேவைக்காகப் பழைய சாமான் பொறுக்கியவர், இப்போது ஆசைக்காகப் பொறுக்கத் தொடங்கினார்.

அவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. விடியக் காலையில் போய் மதியம் திரும்பிவிடுவார். சனிக்கிழமை வந்தால் பழம்பொருள் கடைகள். ஞாயிற்றுக்கிழமை பிளோமார்க்ட், அதாவது மைதானத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் மேசை போட்டுப் பழைய சாமான் விற்கும் சந்தை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் அவர் போவார். முணுமுணுத்துக்கொண்டு பின்னால் நான்.

என் முணுமுணுப்புக்குக் காரணம் இருந்தது. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே ஒருவர் கண்ணை மூடினால் இரண்டு கிழமைக்குள் அறையை வெறுமையாக்கிக் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் பெட்டிகளோடு வருவார்கள். படத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு வியாபாரியிடம் விட்டுவிடுவார்கள். அந்த வியாபாரியின் வான் வண்டியில் ஏறுகிற தேநீர்க் கோப்பையும் மணிக்கூடும்தான் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வருகின்றன என்று எனக்குத் தெரியும். செத்தவர்களின் சாமானைக் காசு கொடுத்து வாங்கி நடுவீட்டில் வைப்பது எனக்கு அடுக்கவில்லை.

அவருக்கோ அதுதான் ருசி. ஒரு சாமானைக் கையில் எடுத்தால் முதலில் விலை கேட்கமாட்டார். இது யாருடையது, அவர் என்ன வேலை செய்தார் என்று தன் உடைந்த டொச் மொழியில் கேட்பார். விற்கிறவனுக்குத் தெரியாவிட்டால் தானே சொல்லுவார். இந்தப் பேனாத்தாங்கி ஒரு தபால்காரருடையது, கல்யாணம் கட்டாதவர், பூனை வளர்த்தவர் என்று வீடு வரும்வரை மகளுக்குக் கதை நடக்கும். அந்த மனுசன் உங்களுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பாவோ என்று நான் கேட்பேன். மகள் கெக்கட்டமிட்டுச் சிரிப்பாள்.

வீட்டுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். வாசலிலேயே நிற்கவேண்டும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து நான் தெளித்தபிறகுதான் உள்ளே. செத்தவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியவேண்டுமே. பீங்கானையும் பித்தளையையும் கழுவித் துடைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒரு தடவைதான் சட்டம் என் காலையே வாரிவிட்டது.

மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் அந்தக் கதிரையை வாங்கினார். தலை சாய்க்கும் இடத்தில் இரண்டு பக்கமும் காது வைத்தது போல அகன்ற பெரிய கதிரை. மரக் கைகள், பாலாடை நிறத் துணி. மூன்றாம் மாடிக்கு அதைத் தூக்கிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பெரிய சாமான், பெரிய துடக்கு என்று நானும் மஞ்சளைக் கொஞ்சம் தாராளமாகவே கரைத்துவிட்டேன். தெளித்தது துணியில் இறங்கி, முதுகு சாயும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சளாய்ப் பரவியது. சவர்க்காரம் போட்டேன், இன்னும் பரவியது. எலுமிச்சம்புளி தேய்த்தேன், அதுக்கும் அசையவில்லை. ஆசையாக வாங்கிய சாமானைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வந்து பார்த்தார்.

"விடும். இப்பதான் இது எங்கடை கதிரை," என்றார்.

பதினொரு வருடம் அதில்தான் இருந்தார். வேலையால் வந்து, குளித்து, சாப்பிட்டு, அந்தக் கறையில் முதுகைச் சாய்த்தால் பின்னேரம்வரை எழும்பமாட்டார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும், நான் கொண்டுவரும் கடிதங்களில் எது அவசரம் எது குப்பை என்று பிரித்ததும் அங்கேதான். நான் ஒருநாளும் அதில் இருக்கவில்லை. எவளோ ஒரு கிழவி செத்த கதிரை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா வீம்புதான்.

போன பங்குனியில், வேலைக்குப் போன இடத்தில், அவருக்கு இதயம் நின்றுபோனது. காலையில் போன ஆள். ஐம்பத்தெட்டு வயது.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து கிரியைகளை முடித்தார். அவருடைய அக்கா, என் மச்சாள், டோர்ட்முண்டிலிருந்து வந்து நின்றா. அவருடைய உடுப்புகளையும் படுக்கையையும் பையில் கட்டினோம். எல்லாம் முடிந்தபிறகு மச்சாள் கதிரையைப் பார்த்தா.

"அது கிடந்தா தம்பி போகமாட்டான், பிள்ளை. இஞ்சையே சுத்திக்கொண்டு நிப்பான். அவனைப் போகவிடு," என்றா.

மகள் தூரத்தில், கார்ஹிங் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கு அன்றைக்குச் சோதனை, நிற்கவில்லை. ஊர்பேர் தெரியாத செத்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் கரைத்தவள், என் வீட்டுச் சாவுக்கு மட்டும் சட்டத்தை எப்படி மாற்றுவது? தருமத்துக்கு வாங்கி மலிவாக விற்கும் கடை ஒன்றுக்கு அழைத்தேன். இரண்டு பேர் வந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் படியில் திரும்பும்போது முதுகுப்பக்கக் கறை எனக்குத் தெரிந்தது. கதவைச் சாத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். சாவுவீட்டில் பெரிதாக அழாத பிள்ளை. சப்பாத்துக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், கம்பளத்தில் கதிரைக்கால்கள் பதிந்திருந்த நாலு குழிகளையும் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அது அப்பான்ரை கதிரையம்மா. ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

மறுநாள் இருவரும் அந்தக் கடைக்கு ஓடினோம். ஒரு வியாபாரி வானோடு வந்து நாலைந்து சாமானோடு அதையும் சேர்த்து எடுத்துப்போனார், பெயர் எழுதிவைக்கும் வழக்கம் இல்லை என்று அங்கே நின்ற பெண் சொன்னாள். மகள் திரும்பிப் போகும்போது ரயில் நிலையத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரை கிடைக்காமல் இந்தப் பிள்ளை என்னை மன்னிக்கப்போவதில்லை என்று நினைத்தேன். நானே என்னை மன்னிப்பேனோ என்பது அடுத்த கேள்வி.

அப்படித்தான் நான் தேடத் தொடங்கினேன். சனியும் ஞாயிறும். டார்ம்ஸ்டாட் முடிந்து ஒஃபன்பாக், மன்ஹைம், அஷாஃபன்பூர்க். இரண்டு ரயில் மாறிப் போய், மழைக்குள் மேசை மேசையாகப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவேன். கைத்தொலைபேசியில் ஒரு படம் இருந்தது. மகளின் பிறந்தநாள் ஒன்றில் அவர் கதிரையில் இருந்து கேக் சாப்பிடுகிற படம். கதிரை வடிவாகத் தெரியவேண்டும் என்று படத்தைப் பெருப்பித்தால் அவர் தலை வெட்டுப்பட்டுப் போகும். அதனால் பெருப்பிக்காமலே காட்டுவேன். வியாபாரிகள் கதிரையை விட்டுவிட்டு, நல்ல மனிதர் போலிருக்கிறாரே என்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போவேன்.

போகப் போக எனக்கும் அவருடைய நோய் தொற்றிவிட்டது. ஒரு மூக்குக்கண்ணாடியைக் கண்டால் எடுத்துப் பார்ப்பேன். இது யாருடையது என்று கேட்பேன். தெரியாது என்றால் மனதுக்குள் அவரிடம் கேட்பேன். பள்ளிக்கூட வாத்தியாருடையது, பெருங் கோபக்காரர் என்று அவர் உடனே சொல்லுவார். இஞ்சாருங்கோ, அங்கால அந்தக் கடைக்கும் போய்ப் பாப்பம் என்று நான் கூப்பிடுவேன். இந்த இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் சந்தையில் ஒருநாளும் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. போவம், போதும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது முன்னால் நான் போனேன்.

கார்த்திகை மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஓடன்வால்ட் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். பச்சைத் துணி போட்ட கதிரை ஒன்று யன்னலோரம் நின்றது. பச்சை என்பதால் கடந்து போய்விட்டேன். வழக்கம்போலக் கடைக்காரக் கிழவரிடம் படத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார். பிறகு அந்தப் பச்சைக் கதிரையைக் கையால் காட்டினார். நல்ல கதிரை, ஆனால் யாரோ முதுகுப்பக்கம் முழுக்கக் கறியைக் கொட்டிவிட்டார்கள், என்ன செய்தும் போகவில்லை, துணியை மாற்றவேண்டியதாகப் போய்விட்டது என்று குறைப்பட்டார்.

அது கறியில்லை, மஞ்சள், கொட்டியது நான்தான் என்றேன். கிழவர் எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நான் மரக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் வலது கை வைக்கும் இடத்தில் மெருகையும் மீறி மரம் தேய்ந்திருந்தது. கிழவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். என் மனுசன் கண்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

புதன்கிழமை கதிரை வந்தது. பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன். மஞ்சள் கரைக்கவில்லை. செத்தது யார் என்று எனக்குத் தெரியும். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள், ஒரு நிமிடம் அழுதாள், பிறகு பச்சை நிறம் வடிவாக இருக்கிறது என்றாள். அடுத்த கிழமை வாறன் என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் பழையபடி கேட்டது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

ஞாயிறு விடிந்தது. எழும்பி, குளித்து, தேத்தண்ணி குடித்து, குளிர்ச் சட்டையைக் கொழுவி, துணிப்பையை எடுத்துக்கொண்டு சப்பாத்துப் போட்டேன். கதவைத் திறந்து விளக்கை அணைக்க ஆளியில் கை வைத்தபோதுதான், எங்கே போகிறேன் என்ற கேள்வி வந்தது. வாங்கவேண்டியது ஒன்றும் இல்லை. தேடவேண்டியதும் இல்லை.

இஞ்சாருங்கோ என்று மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். சந்தையில் மேசைக்கு மேசை பதில் சொல்லிக்கொண்டு வந்த மனிதர், வீட்டில் பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். கதிரை இருந்தது, புதுத் துணியோடு, நேராக, வெறுமையாக. அது தொலைந்திருந்தவரை அவரும் எங்கேயோ ஒரு கடையில், ஒரு மேசைக்குப் பின்னால், யாரிடமோ கதை கேட்டுக்கொண்டு நிற்பதாகத்தான் நான் நினைத்திருக்கிறேன். அவரைத் தேடித்தான் ரயில் ஏறியிருக்கிறேன்.

பங்குனியில் செத்தது ஊருக்கு. எனக்கு அவர் செத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் குந்தியிருந்து, மகளுக்கும் கேட்காமல், மச்சாளுக்கும் கேட்காமல், வாய்விட்டு அழுதேன்.