முப்பது தலைக்குக் கீழே தக்காளி விலை

"...சுத்துது, சுத்துது, செக்காட்டம் சுத்திக்கிட்டே கெடக்குது. எண்ணெயாச்சும் வருமா தம்பி இதுல?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார் அந்த அக்கா. இப்படி யாராவது பேசினால் எனக்கு வேலை மறந்துவிடும்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டி. வாசலில் அக்காவின் லோடு டெம்போவில் நின்றது. அன்றைய விலையைப் பார்த்துவிட்டு இங்கே இறக்குவதா, ராயக்கோட்டைக்கு ஓட்டுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். எல்லாம் நன்றாகப் பழுத்த பழம். வெயில் ஏறினால் கூழ்தான். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மண்டிக்காரரைக் கேட்டால், "சைட்ல போட்டிருக்குது, பாருங்க" என்பார். வாயைத் திறந்து விலை சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அந்த சைட்டை வேகமாக்கத்தான் என்னை அழைத்திருந்தார். பள்ளிக்கூடம் எதிலும் படிக்காமல், நோண்டி நோண்டியே இந்தத் தொழிலைக் கற்றவன் நான். கோளாறைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. திறந்ததும் முதலில் வருவது அவர் மகளின் மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ். மாமன், மச்சான், பங்காளி என்று முப்பது தலை. நாற்பதடிக்கு அச்சடிக்கச் செய்த ஃபைலை அப்படியே ஏற்றியிருந்தார். அத்தனை தலையும் இறங்கிய பிறகுதான் விலை.

முந்தின நாளே அந்தப் படத்தைச் சுருக்கிக் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"இதுல பெரிய ஃபைல் எது?"

காட்டினேன்.

"அதையே போடுங்க. சின்னத போட்டேன்னு தெரிஞ்சா, சீர் வெச்ச மச்சான் சும்மா இருப்பானா?"

மரியாதையை மெகாபைட் கணக்கில் நிறுக்கும் ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. நாளெல்லாம் தராசு முன்னால் உட்கார்ந்து என்ன புண்ணியம்!

இப்போது மண்டிக்காரர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு டக்குனு தொறக்குதே!"

"உங்க போன் அந்தப் படத்த ஏற்கெனவே சேத்து வெச்சிருக்குதுங்க. அவங்க போனுக்கு இப்பத்தான் வரணும்."

"அப்ப நல்ல போனா வாங்கச் சொல்லுங்க."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. திரையை ஒருமுறை பார்த்தார். "உங்க மச்சான் நெத்தி வரைக்கும் வந்துட்டாருங்க. மீசை வர்றதுக்குள்ள எம் பழம் அழுவிப்போயிடும்."

போனை இடுப்பில் செருகினார். "ராயக்கோட்டைக்கு வுடுப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு டெம்போவில் ஏறி உட்கார்ந்தார்.