பர்மாவுக்கு முதல் பரிசு

என் தாய்மாமாவுக்கு எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. தியாகராய நகரில் அவர் வீட்டு மாடியில் நாலு பேர் சீட்டாடினால் அதற்குப் பெயர் கிளப். அதற்கு அவர் காரியதரிசி. யுத்தம் முடிந்த சமயம் அது. ஆழ்வார்பேட்டையில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காலில் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு ஓடி விளையாடுவதற்காகப் போட்ட சிமென்ட் தளம் ஒன்று இருந்தது. சிப்பாய்கள் கப்பலேறிவிட்டார்கள். தளமும் ஒரு பெட்டி நிறைய ஸ்கேட்டுகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. மாமா யார் யாரையோ பிடித்து அதைக் கிளப்புக்கு வாங்கிவிட்டார்.

கூடவே எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையும் அவர் கைக்கு வந்தது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் உறைந்துபோன ஏரியின்மேல் பல தேசத்தார் கூடிச் சறுக்கிப் பந்தயம் ஓடி, வேகமாக ஓடியவனுக்கு உலக சாம்பியன் பட்டம் கொடுத்த கதை அதில் இருந்தது. மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மதராஸில் ஐஸ் என்பது சர்பத் கடையில் மரத்தூளுக்குள் கிடக்கும் சமாசாரம். அதனால் என்ன, சிமென்ட் இருக்கிறதே என்று சர்வதேச வேக ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்புக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார். தேசங்கள்தான் பாக்கி.

அவற்றையும் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சேர்த்துவிட்டார். மயிலாப்பூரில் அறை எடுத்துத் தங்கி டாக்டருக்குப் படித்த யாழ்ப்பாணத்து மாணவர் சிலோன். சாந்தோமில் அத்தை வீட்டோடு இருந்த புதுச்சேரிக் கிறிஸ்தவ இளைஞர் பிரான்ஸ்; அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, காலை வணக்கத்தோடு தீர்ந்துவிடும். பாங்கில் வேலைபார்த்த ஒரு வெள்ளைக்காரர் இங்கிலாந்து. சீட்டாட்டக் கூட்டாளியான மயிலாப்பூர் வக்கீலின் மகன் இந்தியா. பர்மாவுக்கு ஆள் தேடி மாமா வாசல்படி தாண்ட வேண்டியிருக்கவில்லை. என் அண்ணன் பிறந்தது ரங்கூனில்.

நாங்கள் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கிளம்பி, வழியிலேயே அப்பாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவும் அண்ணனும் நானும் மாமா வீட்டுப் பின்கட்டில் வந்து விழுந்தோம். அம்மா அன்றே அடுப்படிக்குள் போனவள்தான். சம்பளம் கேட்காத சமையற்காரி கிடைத்தால் எந்த மாமிக்குக் கசக்கும்? அண்ணன் வேலை தேடி மவுண்ட் ரோடு முழுக்கச் செருப்பைத் தேய்த்தான். ரங்கூனில் படித்ததற்குச் சர்ட்டிபிகேட் எங்கே என்று எல்லா ஆபீசிலும் கேட்டார்கள். அது வந்த வழியில் ஏதோ காட்டில் மக்கிக் கிடந்தது.

அதனால் இந்தப் பந்தயம் எங்களுக்கு விளையாட்டாக இல்லை. தலைமை தாங்க வரும் மோட்டார் கம்பெனி டைரக்டர், முதலில் வருகிற வாலிபனுக்குத் தம் ஆபீசில் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணனோ ரங்கூனில் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஸ்கேட்டில் பறந்தவன். வேலை கிடைத்தால் கோடம்பாக்கம் பக்கம் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அம்மா அரிசி களையும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேசம் என்றால் கொடி வேண்டும் என்றார் மாமா. பர்மாவுக்கு மயில். நான்தான் வரைந்தேன், கோழி மாதிரி வந்தது. அவருக்கு அதிலும் பரம திருப்தி. தேசிய கீதத்துக்கு ஒரே ஒரு கிராமபோன் ரிக்கார்டு, ஏதோ பாண்டு வாத்தியம். எல்லா தேசங்களும் அதற்கே விறைப்பாக நின்றன.

பந்தயத்தன்று இங்கிலாந்துக்கு வயிற்றுப்போக்கு, வரவில்லை. இருந்த ஒரே நிஜ வெளிநாட்டுக்காரர் அவர்தான். ராகுகாலம் கழியட்டும் என்று மாமா டைரக்டரை முதலில் பேசவிட்டார். ராகுகாலம் கழிந்தது, பேச்சு கழியவில்லை. அண்ணனைத் தவிர மற்ற மூன்று தேசங்களும் சக்கரத்தின்மேல் நிற்க முடியாமல், தளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடின. எனக்குப் பக்கத்தில் நின்ற ஜட்காக்காரர் தன் கூட்டாளியிடம், "இன்னா நைனா, பிரான்ஸுன்றான். இவன் நம்ம சாந்தோம் மாதா கோயிலாண்ட கீறவனாச்சே" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். மாமா காதில் விழாத மாதிரி நின்றார்.

பத்திரிகையில் இருந்தபடி இரண்டிரண்டு பேராகக் கடிகாரம் பிடித்து ஓடவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பேச்சு பொழுதைத் தின்றுவிட்டதால் எல்லாரையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டார். முதல் திருப்பத்திலேயே சிலோன், பிரான்ஸைக் கட்டிக்கொண்டு விழுந்தது. இந்தியா புது வெள்ளை நிக்கரில், கைகளை விரித்துக்கொண்டு, விழாமல் இருந்தால் போதும் என்று வந்தது. அண்ணன் குனிந்து, கையை முதுகில் கட்டிக்கொண்டு, இந்தியாவுக்கு ஒரு சுற்று பாக்கி இருக்கும்போதே ஓடி முடித்தான். நான் என் கோழிக்கொடியை ஆட்டிக்கொண்டே அழுதேன். வேலை கிடைத்துவிட்டது என்றுதான் அழுதேன்.

டைரக்டர் கோப்பையைக் கொடுத்து பர்மாவைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். பிறகு வேலை விஷயத்துக்கு வந்தார். இந்த வீரர் நாளைக்கே தம் தேசத்துக்குத் திரும்பிவிடுவார், வேலை நம் ஊர்ப் பிள்ளைக்குப் போவதுதான் நியாயம் என்று சொல்லி, இரண்டாவதாக வந்த வக்கீல் மகனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பிள்ளை அப்பாவின் காரில் வந்து இறங்கியவன்.

அண்ணன் அவர் முன்னால் போய் நின்றான். "நான் இந்த ஊர்தான் சார். இவர் எனக்குச் சொந்த மாமா" என்று மாமாவைக் காட்டினான்.

டைரக்டர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணனுக்கு வேலை. ஆனால் சர்வதேசம் கவிழ்ந்துவிடும். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பர்மா பிளேயர் சார். இங்க வந்து எல்லாரையும் மாமான்னு கூப்பிடப் பழகிண்டுட்டான்" என்றார்.

டைரக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் கிளப்பும் சிரித்தது. அண்ணன் ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் கோப்பையை இடுக்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டான். மாமாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல் மாமாவுக்குக் காபி கொண்டுபோய் வைத்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"வெளிநாட்டுக்காராளை எத்தனை நாள்தான் ஆத்துல வெச்சிண்டிருப்பே? நாங்க கெளம்பறோம்" என்றாள்.

மாமா டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். எங்கே போவாய், எதைச் சாப்பிடுவாய் என்று தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் ஜெயித்த கோப்பையை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த வருஷத்துப் போட்டிக்கு வேண்டுமாம்.