‘கொத்த’ விடுபட்ட மல்லி

என் கணவர் சிரிப்புப் பாட்டுக்காரர். வெள்ளவத்தையிலிருந்து கனடா வரைக்கும் எங்கட சனம் இருக்கிற இடமெல்லாம் ஆளைத் தெரியும். மரைன் டிரைவில் பின்னேரம் நாங்கள் நடந்தால், முன்பின் அறியாதவர்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பாட்டைக் கேட்டுத்தான் கவலையெல்லாம் மறந்தோம் என்பார்கள். பிறகு என் பக்கம் திரும்புவார்கள். அந்தத் திரும்பலை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். “அன்ரி, மல்லி இருக்கா?” என்று கேட்டுவிட்டு, தாங்கள்தான் முதன்முதலாகக் கேட்டவர்கள் என்ற மாதிரிச் சிரிப்பார்கள். எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை வரைக்கும் விசர் ஏறும்.

சிரித்தவர்கள் என்ன நடந்தது என்று ஒருக்கால் கேட்டுக்கொள்ளட்டும்.

பேசிச் செய்த கலியாணம். இரண்டு பக்கமும் வேதக்காரர், சேர்ச்சில்தான் தாலி ஏறியது. அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், நான் யாழ்ப்பாணம். வெள்ளவத்தைக்கு வந்து மூன்று கிழமைதான் இருக்கும். இவருக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்துவிட்டது. சனிக்கிழமை ஒரு ஹோட்டலில் பாட வேண்டும். மல்லி அவித்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் மல்லி இல்லை. சிங்களம் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காதான் படிப்பித்து விட்டா. கடையில் நிற்கிறவரை ‘மல்லி’ என்று கூப்பிட வேண்டும், தம்பி என்று அர்த்தம். சாமான் இருக்கிறதா என்று கேட்க ‘தியெனவாத’ என்று சொன்னால் போதும். காலி வீதி வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

சண்டை நடந்த அந்த நாளையில் அடையாள அட்டை கையில் இல்லாமல் படியிறங்க மாட்டோம். கடை வாசலில் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர்களைத் தாண்டிப் போய், வாய் திறந்து கேட்டேன்.

“மல்லி, மல்லி தியெனவாத?”

தம்பி, தம்பி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, கையால் உயரத்தையும் காட்டி, இரண்டு பேர் இருக்கிறார்கள் நோனா, மூத்தவர் வேணுமா, இளையவர் வேணுமா என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பொலிஸ்காரரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் அட்டையைக் கேட்பார்களோ, வெள்ளவத்தைப் பொலிஸில் பதிந்திருக்கிறாயா என்பார்களோ என்ற பயத்தில் சிரித்தேன். முழங்கால் இரண்டும் கடகடவென்று ஆடின. மல்லி வாங்காமலே திரும்பி வந்தேன்.

வந்து இவரிடம் அழுதுகொண்டு சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன், அந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? மனுசன் முதலில் தலையைத் தடவினார். பிறகு தடவின கை நின்றது. “நீர் அப்பிடியே என்ன சொன்னனீர், திருப்பிச் சொல்லும்” என்றார். சொன்னேன். எழும்பிப் போய் கிற்றாரை எடுத்தார். அரை மணித்தியாலத்தில் முதல் அடி வந்துவிட்டது. என்ன கோதாரியோ, தடிமனும் போய்விட்டது.

அதற்கு முதல் அவர் கௌபோய் தொப்பி போட்டுக்கொண்டு, குதிரையையும் ரயிலையும் விட்டுப்போன காதலியையும் பற்றி ஆங்கிலப் பாட்டுகளை மூக்கால் பாடுகிற பத்துப் பேரில் ஒருவர். குதிரை கண்டது காலிமுகத்திடலில் பொலிஸ் குதிரை மட்டும். ஆனால் நல்ல குரல், சும்மா சொல்லக்கூடாது. அந்தக் குரலில் அவர் அழுத்திப் பாடினால் நானே அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பேன். சனம் அதற்குக் கை தட்டும், பிறகு சாப்பாட்டைப் பார்க்கப் போய்விடும்.

மல்லிப் பாட்டுக்குச் சனம் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தது. அதே கௌபோய் மெட்டு, அதே கிற்றார். நடுவில் தொப்பியைக் கழற்றிவிட்டு தலையில் துவாயைப் போட்டு, கையில் பன்புல்லில் இழைத்த பை ஒன்றைக் கொழுவிக்கொண்டு, கீச்சுக் குரலில் யாழ்ப்பாணத்துப் பொம்பிளையாக மாறுவார். கால் நடுங்குகிற மாதிரி ஒரு ஆட்டம் இருக்கும். அதற்குத்தான் கூடச் சிரிப்பு. அந்த நடுக்கத்தை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். கசெற் வந்தது, ரேடியோவில் போனது, தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்தப் பாட்டில்லாமல் கலியாண வீடு இல்லை என்றாயிற்று. லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் கூப்பிட்டார்கள். இப்போது போனில் சின்னச் சின்ன வீடியோவாக ஓடுகிறது. என்னைக் கண்டறியாத பிள்ளைகள் தலையில் துவாயோடு கால் நடுங்குகிறார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிங்களம் படித்தேன். ரோசத்தில் படித்தேன். மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு படித்தேன், பிறந்த பிறகு மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சோதனைக்கு மேல் சோதனை எடுத்து, புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். இலக்கணம் படித்த பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. சிங்களத்தில் ஆளுக்கு ‘இன்னவா’, பொருளுக்கு ‘தியெனவா’. நான் ‘தியெனவாத’ என்றுதான் கேட்டேன். என் வசனம் சரி. சிங்களத்திலும் அதற்குக் ‘கொத்தமல்லி’ என்றுதான் பெயர். முன்னால் ‘கொத்த’ என்ற மூன்றெழுத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மூன்றெழுத்துக்கு முப்பது வருடத் தண்டனை எந்தக் கோட்டிலும் கொடுக்க மாட்டார்கள்.

பாட்டு புதுக்கடைக்கும் வந்தது. ஒரு வழக்கில் முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருத்தி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தா. தன்னுடைய மகனைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம். தம்பி என்றா, நான் ‘மல்லி’ என்று மொழிபெயர்த்தேன். அங்கே மகனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அதை நான் விளக்க வாயெடுத்தேன். எதிர்ப்பக்கத்து வழக்கறிஞர் எழும்பி, மொழிபெயர்ப்பாளர் சொல்கிற மல்லி ஆளா, சரக்குச் சாமானா என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தத் தாய்க்குச் சிங்களம் தெரியாது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தா. அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் தெரியாது, தெரியாது என்றே சொல்லிவிட்டு இறங்கிப் போனா.

அன்றைக்கு வந்து இவரிடம் கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன். என் சொல்லை ஆட்கள் நம்பினால்தான் எனக்கு வேலை, இன்னொருத்தருக்கு நீதி, அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள் என்றேன்.

“சனம் உம்மில எவ்வளவு அன்பு எண்டு உமக்கு விளங்குதில்லை” என்றார்.

பிறகும் எத்தனையோ தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அதே அன்பு.

போன வருடம் அவருடைய பாட்டு வாழ்க்கைக்கு வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் பாராட்டு விழா வைத்தார்கள். அரைவாசி எங்கட ஆட்கள், அரைவாசி அவரோடு வாசித்த சிங்களக் கலைஞர்களும் அவர்களுடைய குடும்பங்களும். அவர் நன்றி சொல்ல, நான் பக்கத்தில் நின்று சிங்களத்தில் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் வந்து கேட்டார்கள். இவர் கொட்டாஞ்சேனைச் சிங்களம் என்னைவிட வேகமாகப் பேசுவார், ஏன் நான் என்றேன். அது வடிவாக இருக்கும் என்றார்கள். ஒரு நிபந்தனை வைத்தேன். அந்த மண்டபத்தில் அந்தப் பாட்டுப் பாடக்கூடாது. இவர் மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். பாடவில்லை. கௌபோய் பாட்டுகளாகப் பாடினார். நடுவில் சனம் “மல்லி, மல்லி” என்று கத்தத் தொடங்கியது. அவர் கையை உயர்த்தி அமைதியாக்கினார். என்னை மைக்குக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகிப் போயிற்று, பொய் சொல்லக்கூடாது.

“பாடமாட்டன் எண்டு வீட்டில சத்தியம் வாங்கிப்போட்டினம்” என்றார். “ஆனா கதைக்கமாட்டன் எண்டு சொல்லேல்ல.”

சிரிப்பில் மண்டபம் இடிந்தது. அதற்குப் பிறகு முழுக் கதையும். கடை, துவக்கு, தம்பி, கீச்சுக் குரல், முழங்கால். இதைப் பாடினால் வீட்டில் சோறில்லை என்று ஒரு புது வாலும் சேர்த்தார். சிரித்துச் சிரித்து முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், சொல்லும் என்று.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. சாட்சி ‘நான் கண்டேன்’ என்றால், நாங்களும் ‘நான் கண்டேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் கண்டாராம்’ என்று சொல்லக்கூடாது. ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இருபத்தாறு வருடம் அதை நான் மீறியதில்லை. மைக்கைப் பிடித்தேன். அவருடைய ‘நான்’ ஆக, கோட்டில் பேசுகிற சிங்களத்தில், ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“நான் கொட்டாஞ்சேனைத் தெருவில் பந்தடித்துச் சிங்களம் பழகியவன். என் மனைவி பயந்து நடுங்கிக்கொண்டு நின்று ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னாள். அழுதுகொண்டு வந்து எனக்கு மட்டும் சொன்னாள். நான் அதை ஊருக்கு விற்றேன். நிறுத்தச் சொல்லிக் கேட்டாள், நான் நிறுத்தவில்லை. இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

சிங்களம் விளங்கியவர்கள் பக்கம் எல்லாரும் இவரையே பார்த்தார்கள். இவருடைய முகத்தை நான் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் உள்ளே போனது. வாய் பாதி திறந்தபடி நின்றார். கட்டிக்காத்த தொழிலைக் கெடுத்துவிட்டேன், ஆனால் முப்பது வருடத்தில் முதல் தரம் இவருக்குச் சொல் வரவில்லை என்று நினைத்தேன். வயிற்றெரிச்சல் அப்படியே குளிர்ந்தது.

ஒரு கிழட்டு வயலின்காரர் எழும்பிக் கை தட்டினார். பிறகு அந்தப் பக்கம் முழுக்க எழும்பியது. அவர்கள் எழும்பியதைக் கண்டு, விஷயம் விளங்காத எங்கட ஆட்களும் எழும்பினார்கள். வயலின்காரர் மேடைக்கு ஏறி வந்து இவரைக் கட்டிப்பிடித்து, இப்படிச் சொல்ல ஒரு ஆம்பிளைக்குத் தைரியம் வேணும் என்றார். இவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். தலை குனிந்து, அந்தக் கைதட்டலை நிறையவே வாங்கிக்கொண்டார்.

இப்போது போகிற மேடையெல்லாம் அதைச் சொல்கிறார். சிங்கள மேடையில் என் வசனம், சொல்லுக்குச் சொல். தமிழ் மேடைக்குத் தானே தமிழாக்கி வைத்திருக்கிறார், அதுவும் திறம்தான். சனம் மூக்கைச் சிந்துகிறதாம். எல்லாரும் அழுது முடிந்ததும் துவாயைத் தலையில் போட்டுப் பாட்டைத் தொடங்குகிறார், முன்பைவிட இப்போது கூடச் சிரிக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அந்த மன்னிப்பு வசனத்தை இவர் எனக்கு வீட்டில் ஒரு தரமும் சொன்னதில்லை.